மூன்றாம் கணுவின் முள் படத்தில் சிக்கிவிட்டது

சிங்கப்பூர் டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவில், லீயா என்ற புதர்ச்செடியின் பூங்கொத்துகளில் நான் துரத்திக்கொண்டிருந்த கறுப்பு உடம்பு, சாம்பல் பட்டை வண்டு டெமோனாக்ஸ் பேரினம்தான். இனி சந்தேகமே இல்லை. உணர்கொம்பின் மூன்றாம், நான்காம் கணுக்களின் நுனியில் முள் தெளிவாக நிற்கிறது. படத்தை எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

பூவுக்கு வரும் நீள்கொம்பு வண்டுகளில் இந்தக் கூட்டம் முழுக்கக் குளவி வேஷம். பட்டை, நீளக் கால், நின்று நின்று விறுவிறுவென்று ஓடும் ஓட்டம் எல்லாம் ஒரே மாதிரி. டெமோனாக்ஸையும் அதே கூட்டத்து இன்னொரு பேரினமான குளோரோஃபோரஸையும் பிரிக்க உடம்புக் கோலத்தை நம்ப முடியாது, கொம்பு முள்தான் சாட்சி: டெமோனாக்ஸுக்கு உண்டு, குளோரோஃபோரஸுக்கு இல்லை. தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் பிடிக்கவும் கூடாது. ஆகவே உருப்பெருக்கியில் பார்க்க வேண்டியதை, ஓடுகிற வண்டின் மேல் படத்திலேயே பார்த்தாக வேண்டும்.

சிக்கல் முழுக்க வெளிச்சத்தில்தான். கறுப்புக் கொம்பில் கறுப்பு முள். நேராக ஃபிளாஷ் அடித்தால் கொம்பின் மெல்லிய சாம்பல் முடி பளிச்சென்று எரிந்து முள்ளை விழுங்கிவிடும். ஃபிளாஷ் ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் திரையான டிஃப்யூசரைப் பெரிதாக்கினால் ஒளி இதமாகிறது, ஆனால் அதன் நிழல் விழுந்ததும் வண்டு பறந்துவிடுகிறது. டிரேசிங் பேப்பரில் செய்தது நம் ஊர் ஈரத்தில் அலை அலையாகச் சுருங்கியது. இப்போது பார்சலில் வரும் வெள்ளை நுரைத்தாளை இரண்டடுக்காக வளைத்து, லென்ஸ் முனைக்கு வெளியே நீட்டி ஒட்டியிருக்கிறேன். பிராஸ் பசா காம்ப்ளெக்ஸின் ஓவியப் பொருள் கடைகளில் நல்ல தாள்கள் கிடைக்கும், ஆனால் இந்த நுரைத்தாள் அளவுக்கு ஒளியைப் பரப்புகிற எதையும் நான் பார்க்கவில்லை. காசும் இல்லை!

அதையும்விடப் பெரிய திருப்பம் பின்னணி. வண்டுக்கு வெளிச்சம் சேர்ப்பதை விட்டுவிட்டு, கொம்புக்குப் பின்னால் லீயாவின் வெளிர்பச்சை மொட்டுகள் வரும்படி பக்கவாட்டில் தாழ்ந்து உட்கார்ந்தேன். வெளிர் நிறத்தின் மேல் கொம்பின் விளிம்பு கோடு போட்டதுபோல் தெரிந்தது, முள்ளும் சேர்ந்தே வந்தது. சூரியன் எதிர்ப்பக்கம் இருந்ததால் டிஃப்யூசரின் நிழல் என் மேலேயே விழுந்தது. லென்ஸ் துளை எஃப் 11, ஷட்டர் 1/200 நொடி. துளையை இன்னும் சுருக்கி எஃப் 16-க்குப் போனால் மொத்தப் படமும் மங்குகிறது, வேண்டாம். பல படங்களை அடுக்கிச் சேர்க்கும் வித்தை இங்கே எடுபடாது. மகரந்தம் தின்னும்போதும் கொம்பை ஆட்டிக்கொண்டே இருக்கிறது.

இன்னொன்று: முசுறு எறும்பு ஏறியிருக்கும் கொத்தில் நேரத்தை வீணாக்காதீர்கள். அங்கே நான் ஒரு நீள்கொம்பையும் கண்டதில்லை.

பக்கத்துப் புக்கிட் தீமா காட்டை நினைத்தால் பொறாமையாகத்தான் இருக்கிறது. 1854-இல் இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் அங்கே சுமார் இரண்டே மாதத்தில் 700 வகை வண்டு சேர்த்தார், அதில் 130 நீள்கொம்பு. மரம் வெட்டுபவர்கள் சாய்த்துப் போட்ட மரங்கள்தான் அவருக்குக் கைகொடுத்தன. புழுப் பருவம் மரத்துக்குள்ளேயே கழிகிற பூச்சிக்கு அதைவிடப் பெரிய விருந்து ஏது? விழுந்த கிளையைக் குப்பை என்று அப்புறப்படுத்தும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனசு வலிக்கிறது.

டெமோனாக்ஸில் எந்த இனம் என்பது இன்னும் பாக்கி. நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. முதுகு முழுசாகத் தெரிய மேலிருந்து ஒரு படம் வேண்டும். அதற்குள் மனம் மூங்கிலுக்குப் போய்விட்டது. குளோரோஃபோரஸ் பேரினத்தைச் சேர்ந்த ஆன்யுலாரிஸ் என்ற இனத்தின் புழு காய்ந்த மூங்கிலுக்குள் வளரும். துளைத்த தூளை உள்ளேயே இறுக்கி அடைத்துக்கொள்வதால் வண்டு வெளியே வரும்வரை கழியில் ஒன்றும் தெரியாது. மாவு மாதிரி தூள் கொட்டினால் அது வேறு பூச்சி, டைனோடெரஸ். எங்கள் புளோக் சமூகத் தோட்டத்தில் அவரைக்கு நட்டிருந்த பழைய கழிகளைக் கேட்டு வாங்கி, வலை கட்டிய பெட்டியில் வைத்திருக்கிறேன். காய்ந்த கழியில் புழு வளர மாதக்கணக்கில் ஆகும், காத்திருக்கத் தயார். ஏதாவது வெளியே வந்தால் முதல் வேலையாகக் கொம்பைத்தான் படமெடுப்பேன், முள் இல்லாத கொம்பையும் இதே வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.