எத்தனை மா

ஏப்ரல் 6

அப்பா ஊரிலிருந்து பேசினார். எங்கள் வயலை ஒட்டிய நிலம் விலைக்கு வருகிறதாம். "மூணு மா. வாய்க்கால் பாசனம், தண்ணி வடியுற மேடு" என்றார். பத்திரத்தில் ஹெக்டேர், ஏர் என்றுதான் எழுதுவார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து வாய்க்கு அது பழகவே இல்லை. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கர். ஒரு மாவை 33 சென்ட் என்று மனக்கணக்காக மாற்றிக்கொண்டுதான் விலை பேசுவார்கள்.

பேசி முடித்த பிறகும் அந்த ஓரெழுத்து மனதை விட்டுப் போகவில்லை. மரம், விலங்கு, அரைத்த தானியம், பெரியது, கருமை, நிலம், பின்னம் எல்லாமே மா. வேறு மொழிகளுக்குள் நுழைந்தால் இன்னும் எத்தனையோ. கிடைப்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 9

நில அளவையின் மாவும் பழைய பின்னக் கணக்கின் மாவும் ஒன்றுதான். இருபதில் ஒரு பங்கு மா, எண்பதில் ஒரு பங்கு காணி. இரண்டையும் கூட்டினால் பதினாறில் ஒன்று. அதற்குப் பெயர் மாகாணி. கூட்டலைப் பெயருக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்! இந்தப் பின்னக் குறிகளுக்கு 2019இல் யூனிகோடு 12.0 வழியாகக் கணினியிலும் இடம் கிடைத்துவிட்டது.

காளமேகப் புலவரின் வெண்பா ஒன்றை இன்று மறுபடி படித்தேன். முக்கால், அரை, கால், அரைக்கால், இருமா, மாகாணி, ஒருமா என்று பின்னங்கள் படிப்படியாக இறங்கிக்கொண்டே போகும். மேலோட்டமாகப் பார்த்தால் கணக்கு வாய்ப்பாடு. உள்ளே இருப்பது முதுமையின் அச்சம். "இருமா முன்" என்றால் இருமல் வந்து இருமுவதற்கு முன். கணக்கில் அது பத்தில் ஒன்று. கடைசியில் வரும் "கச்சி ஒருமா" காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலின் ஒற்றை மாமரம். கணக்கில் அது இருபதில் ஒன்று. ஏகாம்பரம் என்ற பெயரே ஏக ஆம்ரம், அதாவது ஒரு மாமரம் என்பதிலிருந்து வந்ததுதான். மரத்தையும் பின்னத்தையும் ஒரே எழுத்தில் நிற்க வைத்து, அதன் அடியில் இறைவனை உட்கார வைத்துவிட்டார் புலவர். இந்தப் பாட்டை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

ஏப்ரல் 13

தமிழில் ஓரெழுத்தொருமொழி 42 என்கிறது நன்னூல். மகர வரிசையில் மட்டும் ஆறு: மா, மீ, மூ, மே, மை, மோ. மற்ற ஐந்துக்கும் இத்தனை பொருள் சுமை கிடையாது.

இத்தனை மாக்களை வைத்துக்கொண்டு நம் ஆட்கள் குழம்பாமல் இருந்தது எப்படி? விடை புணர்ச்சியில் இருக்கிறது. மா மரமாக இருந்தால் பின்னால் வரும் வல்லினத்துக்கு இனமான மெல்லினம் தோன்றும்: மாங்காய், மாந்தளிர், மாம்பழம். விலங்காக இருந்தால் னகரம் வரும். மாங்கோடு என்றால் மாமரத்தின் கிளை, மான்கோடு என்றால் விலங்கின் கொம்பு. மரத்தையும் விலங்கையும் அடுத்தடுத்து வைத்தே விதி சொல்கிறார் தொல்காப்பியர், எழுத்ததிகாரம் உயிர்மயங்கியலில். அரிசி மாவாக இருந்தால் ஒற்று மிகும்: மாக்கோலம். 'பெரிய' என்ற பொருள் என்றால் ஒன்றுமே தோன்றாது: மாகடல், மாபெரும். சொல்லின் வால் அதே வால்தான்; அதை அடுத்த சொல்லோடு முடிகிற முடிச்சுதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

சந்தி இலக்கணத்தைத் தேர்வுக்கு மட்டும் படித்துவிட்டு மறந்துபோனவர்களுக்கு இந்த நாலு மாவைக் காட்டினாலே போதும். அது எதற்காக இருக்கிறது என்று புரிந்துவிடும்.

அப்புறம், அந்த மாமரத்து ங் தனியாக ஊர் சுற்றவும் போயிருக்கிறது. மாங்காயும் மலையாள மாங்ஙவும் மலாயில் மங்கா ஆகி, போர்த்துகீசியர் வாயில் மாங்க ஆகி, ஆங்கிலத்தில் மேங்கோ ஆனது. இங்கே சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் மலாய்க்காரர் மங்கா என்று கூவும்போது நம் புணர்ச்சி விதியின் மெல்லினம்தான் ஒலிக்கிறது.

ஏப்ரல் 21

வேலையிடத்தில் வியட்நாம் தோழியிடம் மாவைப் பற்றிக் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கரண்டியை வைத்துவிட்டு, விரலால் மேசைமேல் கோடு இழுத்துக் காட்டினார். சமமாகச் சொன்னால் பேய். குரலை மேலே ஏற்றினால் அம்மா (தெற்கில் அப்படித்தான் கூப்பிடுவார்களாம்) அல்லது கன்னம். மெல்லத் தாழ்த்தினால் 'ஆனால்'. வளைத்துக் கேள்வி போலச் சொன்னால் கல்லறை. நடுவில் உடைத்தால் குதிரை. அழுத்தி நிறுத்தினால் நாற்று.

அவர் மீகாங் டெல்டாக்காரர். "எங்கள் ஊரில் கல்லறைக்கும் குதிரைக்கும் ஒரே ஒலிதான். எழுத்தில்தான் வேறு" என்றார். வடக்கே பிரித்துச் சொல்கிற இரண்டு தொனிகளைத் தெற்கே ஒன்றாக்கிவிட்டார்கள். நாற்று என்று சொல்லும்போது இரண்டு விரலால் நடுவது போலக் குத்திக் காட்டினார். எங்கள் ஊர் நடவாட்களின் விரலும் அப்படித்தான் இறங்கும். அவருக்கு நாற்று மா, எனக்கு அது நிற்கிற நிலம் மா.

ஏப்ரல் 22

தாய்லாந்து மொழியின் கணக்கு சின்னது: தொனிக்கு ஏற்ப வா, குதிரை, நாய். சீனத்தில் அம்மா, சணல், குதிரை, திட்டுதல். தொனி இல்லாமல் வாக்கியத்தின் கடைசியில் வந்தால் 'ஆ?' என்கிற நம் வினா. சீன எழுத்தில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று: அம்மா என்ற எழுத்தில் இடப்பக்கம் பெண், வலப்பக்கம் குதிரை. திட்டுவதிலும் வினாவிலும்கூட அதே குதிரை நிற்கிறது. பொருளுக்காக அல்ல, 'இதை மா என்று படி' என்று ஒலியைக் காட்டுவதற்காக.

ஏப்ரல் 27

மா ஹ. சீனாவின் யுன்னான் பகுதியில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவரின் பெயர். சீன முஸ்லிம்களிடையே மா என்ற குடிப்பெயர் மிகப் பரவலானது; குதிரை எழுத்தில்தான் எழுதுவார்கள், ஆனால் முகம்மது என்ற பெயரின் ஒலிக்காக எடுத்துக்கொண்டது. மிங் பேரரசர் யோங்லெ பிறகு இவருக்கு வேறு குடிப்பெயர் கொடுத்தார். அந்தப் பெயரில்தான் உலகம் அவரை அறியும்: செங் ஹ, பெருங்கப்பற்படையின் தலைவர்.

1409 ஆம் ஆண்டு தேதியிட்ட அவருடைய கல்வெட்டு இலங்கையின் காலியில் 1911இல் கிடைத்தது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூன்று மொழி: சீனம், தமிழ், பாரசீகம். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெவிநுவரையில் கோயில் கொண்ட திருமாலான தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை. 'மா'வாகப் பிறந்தவர் ஒருவர் தமிழில் கல் வெட்டுவித்து இந்தியப் பெருங்கடலைத் தாண்டிக் கொண்டுவந்தார் என்பது எனக்குப் பெரிய விஷயம். அவர் படையில் மொழிபெயர்ப்பாளராக வந்து கொச்சியையும் கோழிக்கோட்டையும் பற்றி எழுதி வைத்தவரும் ஒரு மாதான்: மா ஹுவான்.

மே 4

குடும்பக் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. சீனத்தில் குதிரை மா, தமிழிலும் குதிரை மா, ஆகவே சீனம் தமிழிலிருந்து பிறந்ததாம். கோபம்தான் வந்தது. நம் மா பொதுவாக விலங்கைக் குறிப்பது. "மாவும் மாக்களும் ஐயறிவினவே" என்பது தொல்காப்பியம். குதிரை, யானை, சிங்கம் (அரிமா) எல்லாம் அதில் அடங்கும். வியட்நாமின் குதிரை மா சீனத்திலிருந்து போனது, அதற்கு வரலாறு உண்டு. நம்முடையதற்கு அந்த உறவு இல்லை.

ஒலி ஒத்தால் உறவு என்றால் இத்தாலிக்காரரும் வியட்நாம்காரரும் பங்காளிகள். இருவருக்கும் மா என்றால் 'ஆனால்'. இத்தாலிய மா, லத்தீனில் 'அதிகம்' என்ற பொருள் தரும் மாகிஸ் தேய்ந்து வந்தது. பிரெஞ்சு மா 'என்னுடைய', அது லத்தீன் மேஆவிலிருந்து வந்தது. ஹங்கேரியில் இன்று என்ற நாள் மா. எஸ்தோனியாவில் நான். பின்லாந்தில் நெடிலாக நீட்டினால் நிலம், நாடு. தெலுங்கில் எங்கள். ஒவ்வொன்றும் அதனதன் மண்ணில் முளைத்தது. இதையெல்லாம் ஒரே தாயின் பிள்ளைகள் என்று சொல்வது தமிழுக்குப் பெருமை சேர்க்காது; அந்தந்த மொழிக்காரர்கள் நூற்றாண்டுகளாகப் பேசிப் பேசித் தேய்த்ததைத் தட்டிப் பறிக்கிற வேலை அது.

மே 7

கீதையில் "மா பலேஷு கதாசன". இந்த மா 'வேண்டாம்' என்று தடுப்பது. கிரேக்கத்தில் இதற்கு மே என்று உண்மையான உடன்பிறப்பு உண்டு. வால்மீகி வேடனைச் சபித்த சுலோகமும் "மா நிஷாத" என்றே தொடங்கும். மா என்பது திருமகளுக்கும் பெயர் என்பதால், உரைகாரர்கள் அந்தச் சாபத்தையே திருமகள் உறைகிற திருமாலுக்கு வாழ்த்தாகப் படித்தார்கள். அரபு மாவும் இரட்டை முகம்: 'இல்லை' என்றும் வரும், 'எது' என்றும் வரும். நாம் தினமும் கேட்கும் மாஷா அல்லாஹ்வில் இரண்டாவது: இறைவன் நாடியது எதுவோ அது.

மே 11

அன்னையர் தினம். அம்மாவைக் குறிக்கும் மா மட்டும் இத்தனை மொழிகளில் எப்படி ஒத்துப்போகிறது? 1959இல் மானிடவியலாளர் மர்டாக் தாய், தந்தைக்கான 1,072 சொற்களைத் திரட்டினார். அதை வைத்து மொழியியலாளர் ரோமன் யாகப்சன் சொன்ன காரணம்: பால் குடிக்கும் குழந்தையின் உதடு அடைபட்டிருக்கும்போது மூக்கு வழியாக வரக்கூடிய முனகல் ம் ஒன்றுதான். பசி வந்தால் பிறகு அந்த முனகலே கூப்பாடு ஆகிறது. அது யாரைக் கூப்பிடுகிறது என்று முடிவு செய்வது பெரியவர்கள். ஜார்ஜியாவில் மாமா என்றால் அப்பா, அம்மாவுக்கு தேதா. நமக்கு மாமா அம்மாவின் அண்ணன் தம்பி.

மே 18

மேல்மாடி யாழ்ப்பாணத்து அக்கா பிட்டு அவிக்கக் கூப்பிட்டிருந்தார். "தம்பி, அந்த அரிசி மாவை எடுங்கோ. கோதம்பு மா இல்லை, வறுத்த மா" என்றார். நாங்கள் மாவு என்று சொல்வதை அவர்கள் மா என்றே வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் கடையில் மாவு கேட்டாலும் மாக்கோலத்தில் அந்தப் பழைய மா அப்படியே இருக்கிறது என்றேன். "பின்ன? மா எண்டால் மாதான்" என்று சொல்லிவிட்டு, சுடுதண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அகப்பைக் காம்பால் கிளறினார். உருண்டை உருண்டையாகத் திரண்டதும் தேங்காய்ப்பூவும் மாவும் மாறி மாறி நீத்துப்பெட்டிக்குள், அதாவது ஆவியில் அவிக்கும் ஓலைப்பெட்டிக்குள், போனது. தொட்டுக்கொள்ள மாம்பழம் வெட்டி வைத்திருந்தார், கறுத்தக்கொழும்பான். சென்னைச் சந்தையில் எனக்கு இந்தச் சாதி கிடைத்ததே இல்லை.