31-க்குள்

ஏப்ரல் 18, 2025, வெள்ளி

ஷெட் சாவி கிடைத்துவிட்டது. அரிசி டிரம்முக்குள் இருந்தது. யார் போட்டது என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

அப்பாவின் பழைய ஹெரால்டு கார் மேலிருந்த தார்ப்பாயை விலக்கியதும் எலிப் புழுக்கை. அப்புறம் அதே வாசனை, பெட்ரோலும் பழைய ரெக்ஸினும். நாலு டயரும் காற்று இறங்கி உட்கார்ந்திருக்கின்றன. ஒரு காலத்தில் சிவப்பு. இப்போது காய்ந்த மிளகாய் வற்றல் நிறம்.

தம்பி வீடியோ காலில் பார்த்துவிட்டு, "எக்ஸ்சேஞ்சுல தள்ளிவிட்ரு அக்கா. ஒரே நாள்ல முடிஞ்சிரும். மே 31-க்குள்ள ஷெட் காலியாகணும்ல" என்றான். புது வண்டி எப்படியும் வாங்கத்தான் வேண்டும். ரெண்டே கதவு உள்ள இந்த வண்டியில் அப்பாவை ஏற்றி இறக்க முடியாது. ஆட்டோ பிடித்து அலைந்தது போதும். அவன் சொல்வதில் தப்பே இல்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

ஏப்ரல் 22, செவ்வாய்

பிசியோதெரபிக்கு வருகிற பையன் கொடுத்த மஞ்சள் பந்தை அப்பா இன்று நாலு தடவை அழுத்தினார். ஐந்தாவது தடவை பந்து கட்டிலுக்கு அடியில்.

ஏப்ரல் 23, புதன்

பைபாஸ் ரோட்டு ஷோரூமிலிருந்து மதிப்பு போட ஒரு பையன் வந்தான். கையில் டேப். கம்பெனி பெயர் என்ன என்றான். ஸ்டாண்டர்ட் என்றேன். அவன் பட்டியலில் அப்படி ஒரு கம்பெனியே இல்லை. "டிரையம்ஃபா பாருங்க, இங்கிலாந்தில் அதுதான் பேரு" என்றேன். அதுவும் இல்லை. கடைசியில் 'மற்றவை' என்று போட்டுக்கொண்டான். வருஷம் கேட்டான். 1964. அவனுடைய பட்டியல் 1990-ல்தான் தொடங்குகிறதாம். "1990-னே போட்டுக்கவா மேடம்?" பாவம், நல்ல பையன். மோர் கொடுத்தேன்.

பானெட்டைத் திறக்க அவன் முன்பக்கம் நின்று விரலால் கொக்கியைத் தேடிக்கொண்டிருந்தான். இரண்டு பக்கமும் உள்ள கொக்கிகளை எடுத்துவிட்டு, மட்கார்டு, லைட் எல்லாம் சேர்த்து முன் முகத்தையே முன்னால் சாய்த்துக் காட்டினேன். ரெண்டடி பின்னால் போய்விட்டான். சக்கரம் முழுசாகத் தெரியும், ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேலை பார்க்கலாம். அப்பா அப்படித்தான் உட்கார்ந்திருப்பார், ஞாயிற்றுக்கிழமை, பனியனோடு.

விலை 12,000. அப்புறம் எக்ஸ்சேஞ்ச் போனஸ் 20,000. என்ன வண்டி கொடுத்தாலும் போனஸ் அதேதானாம்.

ஏப்ரல் 24, வியாழன்

பழைய இரும்புக்காரர் கிலோ 28 ரூபாய் என்கிறார். வண்டி சுமார் 800 கிலோ. எடைக்குப் போட்டால் 22,400. போனஸைக் கழித்துப் பார்த்தால் ஷோரூம்காரர்கள் இரும்புக் கடையைவிடக் குறைத்துக் கேட்கிறார்கள். கணக்கைத் தம்பிக்கு அனுப்பினேன். பதிலுக்குச் சிரிக்கிற பொம்மை.

ஏப்ரல் 27, ஞாயிறு

மெக்கானிக் பாய் வந்தார். எழுபது தாண்டிவிட்டது, பட்டறையை மகனிடம் விட்டாயிற்று, ஆனாலும் இந்த வண்டிக்கென்றால் தன் டூல் பையோடு தானே வருகிறார். பெட்ரோல் டேங்கைக் கழற்றிக் கழுவினார். புது பேட்டரி. கார்புரேட்டருக்குள் ஒரு மூடி பெட்ரோல் ஊற்றி, "பாப்பா, சோக்கை இழுத்துட்டு செல்ஃப் போடு" என்றார். மூன்று தடவை முனகியது. நாலாவது தடவை பிடித்தது. ஷெட் முழுக்க நீலப் புகை. பாய் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "நாலும் அடிக்குது."

மேலே போய்ப் பார்த்தேன். அப்பா தலையணையை விட்டுத் தலையைத் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பியிருந்தார். பிப்ரவரிக்கு அப்புறம் அவராகத் தலையைத் தூக்கி நான் பார்க்கவில்லை.

பாய் காசு வாங்கவில்லை. பேட்டரிக்கு மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஏப்ரல் 29, செவ்வாய்

மீனாட்சி கோவிலில் கொடியேற்றம். அம்மா டிவியில் பார்த்தார்.

காளவாசல் பக்கம் பழைய வண்டி வாங்கி விற்கிற ஒரு கன்சல்டிங்கில் கேட்டேன். 65,000 என்றார் ஓனர். உடனே பணம், உடனே வண்டி. ஆனால் பெயர் மாற்றத்துக்கான பாரம் 29, 30 இரண்டிலும் அப்பா கையெழுத்தை மட்டும் போட்டுத் தர வேண்டும், வாங்குகிறவர் பெயரை அவர் பிறகு நிரப்பிக்கொள்வாராம். கூடவே, "ஜி.எஸ்.டி. 18 பெர்சன்ட் பிடிச்சிக்கிட்டுத்தான் தருவோம்மா, இப்ப புது ரூல்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது உள்ளே யாரோ சிரிக்கிற சத்தம். என்னைப் பார்த்துத்தான் என்று இல்லை.

ஏப்ரல் 30, புதன்

சித்தப்பா மகன் வக்கீல். போனில் கத்தினான். வெற்றுப் பாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அந்த வண்டி எங்கேயாவது ஒருத்தரை இடித்துவிட்டால் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர் தலையில்தான் நஷ்டஈடு விடியும். வண்டியை எப்போதோ விற்றுவிட்டோம் என்பது செல்லாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. "பெரியப்பா இருக்கிற நிலைமைல கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போவியா?"

ஜி.எஸ்.டி. விஷயமும் கேட்டேன். இந்த ஜனவரியிலிருந்து 18 சதவீதம் உண்மைதான். ஆனால் அது பதிவு பெற்ற வியாபாரி வாங்கி விற்கிறதில் கிடைக்கிற லாபத்துக்கு. விற்கிற வீட்டுக்காரருக்கு இல்லை. வீட்டிலிருந்து வீட்டுக்கு விற்றால் அந்தப் பேச்சே கிடையாது. 65,000-ல் 18 சதவீதம் என்றால் 11,700. எத்தனை பேரிடம் பிடித்திருப்பார்.

மே 1, வியாழன்

நெட்டில் விளம்பரம் போட்டேன். 2,50,000. 'ஸ்போர்ட்ஸ் கார்' என்று எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன். அப்பா அப்படித்தான் சொல்வார். தம்பி, "948 சிசிக்கா, ஷேர் ஆட்டோவே முந்தும்" என்பான். ஆனால் வடக்கு மாசி வீதியில் ரிவர்ஸ் எடுக்காமல் ஒரே ஒடிப்பில் திரும்பிய வண்டி வேறு எது? 25 அடி போதும் அதற்கு. நாங்கள் பின் சீட்டில் ஒருத்தர் மேல் ஒருத்தர் சரிவோம்.

சாயந்திரத்துக்குள் 14 போன். அதில் ஒன்பது பேர் "ஆம்பளைங்க யாராவது இருந்தா போனைக் குடுங்கம்மா." ஒருத்தர் 40,000. ஒருத்தர் வண்டியோடு போட்டோ மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்றார்.

மே 3, சனி

பார்ட்டி வருகிறேன் என்றார். வரவில்லை.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். இன்றைக்கும் ஒருத்தரும் வரவில்லை.

ராத்திரி ஒன்று தோன்றியது, தூக்கம் போய்விட்டது. யாருக்கு விற்றாலும், ஷோரூமுக்கே கொடுத்தாலும், கையெழுத்து அப்பாவுடையது. வலது கைதான் வேண்டும், அதுதான் இப்போது சொன்னபடி கேட்பதில்லை.

மே 5, திங்கள்

ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் உள்ள ஏஜென்ட்டைக் கேட்டேன். பழைய கையெழுத்தோடு ஒத்துப்போக வேண்டும். முடியாவிட்டால் இடது பெருவிரல் ரேகை, கூடவே டாக்டர் சர்டிபிகேட், பார்த்துக்கலாம் என்றார். 'பார்த்துக்கலாம்' எவ்வளவு என்று சொல்லவில்லை.

அப்பாவிடம் ரேகை என்று ஆரம்பித்தேன். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். முப்பத்தொரு வருஷம் வகுப்பில் கையெழுத்து நோட்டுத் திருத்திய மனிதர். கைநாட்டு என்ற வார்த்தையை நான் வாயால் சொல்லவில்லை. சொன்ன மாதிரிதான்.

மற்ற பேப்பர் எல்லாம் சரியாக இருக்கிறது, அதுவும் அவர் வேலைதான். ஆர்.சி. 2021-ல் புதுப்பித்தது, அடுத்த வருஷம் வரை ஓடும். அப்போது கட்டணம் 600. மறு வருஷம் ஏப்ரலிலிருந்து 5,000 ஆக்கிவிட்டார்கள். ரசீதை ஆர்.சி.யோடு சேர்த்துக் குண்டூசி போட்டு வைத்திருக்கிறார்.

மே 6, செவ்வாய்

கொச்சியிலிருந்து ஒருத்தர். மலையாளம் கலந்த தமிழ், மரியாதையான பேச்சு. வீடியோவில் வண்டியின் அடி வரை காட்டச் சொன்னார். 3,00,000, பேரம் இல்லை. பாரம் 28, அதாவது வெளி மாநிலத்துக்கான என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), வாங்கிக் கொடுத்தால் லாரி அனுப்பி ஏற்றிக்கொள்வார். 50 வருஷம் தாண்டிய வண்டி, 2021-ல் வந்த விண்டேஜ் விதியில் 20,000 கட்டிப் பதிந்துவிடுவேன், 10 வருஷத்துக்குக் கவலை இல்லை என்றார்.

சந்தோஷமாகப் போனை வைக்கப் போனேன். அப்போது சொன்னார், "இதில் ஒரு சௌகரியம், கூரை போல்ட்டில் நிற்பது. கழற்றிவிட்டால் ஓப்பன் கார். கல்யாண ஊர்வலத்துக்கு நன்றாக ஓடும்."

தம்பி மூன்று லட்சம் என்றதும், "அக்கா, இன்னும் என்ன யோசனை?"

மே 7, புதன்

விண்டேஜ் விதியைப் படித்தேன். கண்காட்சி, விண்டேஜ் கார் பேரணி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, இவ்வளவுதான். வாடகைக்கு விடக் கூடாது. கல்யாண வாடகையை எந்தக் கணக்கில் சேர்ப்பார்? விற்ற அப்புறம் அது என் வண்டி இல்லை. எனக்கென்ன?

காலையிலிருந்து டிவியில் எல்லைச் செய்திதான்.

மே 8, வியாழன்

திருக்கல்யாணம். அம்மா வழக்கம்போல் தாலிக் கயிறு மாற்றினார். மஞ்சள் கயிற்றை அப்பாவின் இடது கையில் கொடுத்து, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, முடிச்சை அம்மாவே போட்டுக்கொண்டார். நான் சமையல்கட்டுக்குப் போய்விட்டேன்.

மே 9, வெள்ளி

பேப்பர் ஓரம், மளிகைச் சிட்டை, மாத்திரை அட்டை டப்பா, எல்லாவற்றிலும் கிறுக்கல். அப்பா அம்மாவிடம் பேனா வாங்கிக்கொண்டாராம். எல்லாமே இனிஷியல். பெயர் வரை எதுவும் போகவில்லை.

மே 11, ஞாயிறு

திண்டுக்கல்லிலிருந்து வந்தவர் பைக்கில் வந்தார், வெயிலில் கறுத்துப் போய். லேத் பட்டறை வைத்திருக்கிறார், முப்பத்தைந்து வயது இருக்கும். வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை, விலை கேட்கவில்லை. பானெட்டைச் சாய்த்துவிட்டு முன் சக்கரத்துப் பக்கம் குத்த வைத்து உட்கார்ந்தார்.

"அக்கா, இந்த ட்ரனியனுக்கு கிரீஸ் அடிச்சீங்களா, ஆயில் போட்டீங்களா?"

தெரியாது என்றேன். அவர் காட்டினார். முன் சக்கரம் திரும்புகிற கீழ் மூட்டில் ஒரு வெங்கலக் கட்டி, அதற்குள் மரை. அதற்கு 90 கியர் ஆயில்தான் போட வேண்டும். பாதி மெக்கானிக் நிப்பிளைப் பார்த்ததும் கிரீஸை அடித்துவிடுவார்கள். கிரீஸ் மரைக்குள் சரியாக இறங்காது, தேய்ந்துகொண்டே வரும், ஒரு நாள் திருப்பத்தில் சக்கரம் மடங்கி உட்கார்ந்துவிடும். "ஹெரால்டு பாதி செத்தது இதுலதான்."

மாடிக்குக் கூட்டிப் போனேன். கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு அதே கேள்வியைக் கேட்டார், "ஐயா, கிரீஸா, ஆயிலா?"

அப்பா அவரையே பார்த்தார். இடது கையைத் தூக்கினார். கட்டை விரலை மட்டும் மடக்கி மடக்கி நீட்டினார், எண்ணெய்க் குப்பியின் அடியை அமுக்குகிற மாதிரி. டக், டக். அப்புறம் ஆறு விரல் காட்ட முயன்று, ஐந்தைக் காட்டி, ஒன்றைக் காட்டினார்.

"ஆறு மாசத்துக்கு ஒரு தடவை" என்றார் வந்தவர். அப்பா தலையை ஆட்டினார். அந்த ஆள் என்னைத் திரும்பிப் பார்த்து, வேறு ஒன்றும் பார்க்க வேண்டியதில்லை என்றார்.

காபி குடிக்கும்போது பேசினார். அவரிடம் கெசல் கார் ஒன்று இருக்கிறது, இதே வண்டலூர் ஸ்டாண்டர்ட் கம்பெனி, இதே இன்ஜின், பின் ஆக்சில் வேறு. ரெண்டு கதவு ஹெரால்டை இத்தனை வருஷமாகத் தேடுகிறாராம். ஸ்போர்ட்ஸ் கார் என்று போட்டதற்குச் சிரிப்பார் என்று நினைத்தேன். "சரியாத்தான போட்ருக்கீங்க. 1962-ல ஸ்பிட்ஃபயர்னு ஸ்போர்ட்ஸ் கார் வந்துச்சே, அது இந்தச் சேஸியைக் குறுக்கிப் பண்ணுனதுதான்." அப்பாவுக்குக் கேட்டிருக்கும், சத்தமாகத்தான் சொன்னார்.

2,10,000. அதற்கு மேல் தன்னிடம் இல்லை என்றார்.

மே 12, திங்கள்

அழகர் ஆற்றில் இறங்கினார். லீவு. போகவில்லை.

90,000 ரூபாய் வித்தியாசம். நாள் முழுக்க இந்த எண்தான். பிசியோவுக்கு மாதம் 12,000 என்றால் ஏழரை மாதம். கொச்சிக்காரரிடம் குற்றமே இல்லை, நேராகப் பேசுகிறார், கூரையைக் கழற்றுவேன் என்பதைக்கூட மறைக்கவில்லை. திண்டுக்கல் என்றால் வெளி மாநிலத்துக்கான என்.ஓ.சி. வேண்டாம், 31-க்குள் முடியும். இது காரணமா, சாக்கா? மதியம் காரணம் என்று பட்டது. இப்போது மணி பதினொன்று.

சின்ன வயதில் எதிர்சேவைக்குத் தல்லாகுளம் போய்விட்டுத் திரும்பும்போது கூட்டத்தில் வண்டி சூடேறி நின்றது. அப்பா தண்ணீர் பீச்சுகிற ஒருவரைத் தோல்பையோடு கூட்டி வந்து ரேடியேட்டரில் விடச் சொன்னார். அழகருக்கு வைத்திருந்த தண்ணீர். பாட்டி அன்றைக்கு முழுக்கத் திட்டினாள்.

மே 13, செவ்வாய்

தம்பியிடம் சொல்லிவிட்டேன். பத்து நிமிஷம் பேசவில்லை. அப்புறம், "கொஞ்சமாச்சும் ஏத்திக் கேளுக்கா" என்றான். கேட்டேன். 2,15,000.

மே 14, புதன்

ஜிபேயில் அட்வான்ஸ் 15,000 வந்துவிட்டது. கொச்சிக்காரருக்குப் போன் செய்து சொன்னேன். மனசு மாறினால் கூப்பிடுங்கள் என்றார். அவர் கோபப்பட்டிருக்கலாம்.

மே 15, வியாழன்

பாய் வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஸ்டெப்னிக்குக் காற்று அடித்து வைத்தார்.

மே 16, வெள்ளி

அப்பா போட்டுவிட்டார். காலை ஏழு மணிக்கு, சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து அதன் மேல் பாரத்தை வைத்து, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு. இனிஷியல், பெயர், கடைசியில் உள்ள அந்தச் சுழி வரை. நாலு நிமிஷம் ஆனது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதோடு வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் நடுக்கம், மற்றபடி அவருடையதேதான்.

பாரம் 29 ரெண்டு பிரதி வேண்டும். அப்புறம் 30. சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நாளைக்கு என்று கை காட்டினார்.