அப்பப்பாவுக்குக் கேட்கும் சத்தம்

ஏப்ரல் 4
அப்பப்பாவுக்கு இரவெல்லாம் காய்ச்சல். ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். "வெட்டுறான் பிள்ளை, கேக்குதோ?"

ஏப்ரல் 5
காய்ச்சலில் பிதற்றுகிறார் என்கிறார் அம்மா. பிதற்றல் இல்லை, நான் சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. திருகோணமலையில் கோணேசர் மலைக்கு வெளியே எஞ்சினை நிறுத்திவிட்டு வள்ளத்தின் அடிப்பலகையில் காதை வைத்தால் டொக் டொக்கென்று உளிச் சத்தம் வரும், நோயாளித் தாய்க்காக மலையைப் பெயர்க்கப் போன இராவணன் அடியிலிருந்து இன்னும் வெட்டுகிறான், அவனுக்குக் காவலாக ஒரு கறுத்த சீவன், தலை மட்டுமே ஒரு வள்ளம் அளவு. அது மேலே வந்து மூச்சு விட்டால் வலையை ஏற்றிக்கொண்டு பேசாமல் திரும்பிவிட வேண்டும். பெயர் சொல்லக் கூடாது. "பெரியவர்" என்றுதான் சொல்வார்.

ஏப்ரல் 6
அரைக் கோப்பை கஞ்சி குடித்தார்.

ஏப்ரல் 8
விடிய விடிய வாசித்தேன். எண்ணெய்த் திமிங்கிலத்துக்கு உடம்பில் மூன்றில் ஒரு பங்கு தலைதானாம். வெளிச்சமே இல்லாத ஆழத்தில் இரைக்குக் கணவாய் மீன் தேடும்போது டொக் டொக்கென்று சத்தம் எழுப்பும், அது மரக்கப்பலின் அடிவழியே கேட்டதால் பழைய வேட்டைக்காரர்கள் அதைத் தச்சன் மீன் என்றார்களாம். இங்கே துறைமுக வாயிலிலிருந்தே கடலடிப் பள்ளத்தாக்கு ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழத்துக்கு இறங்குகிறது, அதனால்தான் அவை இவ்வளவு கிட்ட வருகின்றன. அப்பப்பா கேட்டது உண்மையான சத்தம்! நேற்று அவரைப் பார்த்துச் சிரித்த மாமியிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஏப்ரல் 9
கன்னியாத் தண்ணீர் வேண்டுமாம், இராவணன் தாயின் ஈமக்கடனுக்கென்று உண்டானதாகச் சொல்லும் வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீர். அம்மா குசினிக்குள் போய் அழுதார்.

ஏப்ரல் 11
காய்ச்சல் விட்டிருந்தது. சரி, இதுதான் நேரம் என்று பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அது எனக்குத் தெரியாதோ? அது இடப்பக்கம் சரிச்சு மூச்சு விடும். பெரியவர் நேரா விடுவார், தென்னை உயரத்துக்கு." அவ்வளவுதான், திரும்பிப் படுத்துவிட்டார்.

நேராக, அவ்வளவு உயரத்துக்கு விடுவது நீலத் திமிங்கிலம். இந்த மாதங்களில் அதுவும் இங்கே வரும். ஆனால் அது தட்டாது, அதன் குரல் மனிதக் காதுக்குப் பெரும்பாலும் எட்டாத அளவு தாழ்ந்தது. அப்படியென்றால் தட்டியது எது? இரண்டையும் ஒரே இரவில் கண்டு, கேட்டு, ஒன்றாக்கிக்கொண்டாரா? கடலில் அத்தனை காலம் கிடந்த மனிதர் அப்படிக் குழம்புவாரா? தம்பி இன்றிரவு போகிறான். எஞ்சினை நிறுத்திக் காது வைத்துப் பார் என்றேன்.

ஏப்ரல் 12
தம்பி இன்னும் கரைக்கு வரவில்லை. அப்பப்பாவுக்குத் திரும்பவும் 103. ஆட்டோவுக்குச் சொல்லியாயிற்று.