16-க்கு எதிரே 10: ஒரு பிளாக்ஜாக் நாட்குறிப்பு

மார்ச் 2, 2024

மச்சான் டெக்சாஸிலிருந்து வருகிறான். மாதக் கடைசியில் எல்லோருமாக லாஸ் வேகாஸ் போவதாக வீட்டில் முடிவாகிவிட்டது. பிளாக்ஜாக் என்கிற சீட்டாட்ட மேசையில் ஒரு தடவையாவது உட்கார வேண்டும் என்று அவனுக்கு ரொம்ப நாள் ஆசை. "சீட்டைக் கூட்டினா 21 வரணும், அவ்வளவுதானே அத்தான்?" என்று போனில் கேட்டான்.

அவ்வளவு இல்லை. 21-ஐப் பிடிப்பது இந்த ஆட்டத்தின் நோக்கமே கிடையாது, டீலரை, அதாவது கேசினோ என்கிற சூதாட்ட விடுதியின் சார்பில் சீட்டுப் போடுபவரை, தோற்கடிப்பதுதான் நோக்கம். டீலர் 21-ஐத் தாண்டிவிட்டால் வெறும் 13-ஐ வைத்திருப்பவனும் ஜெயிக்கிறான். புதிதாக வருகிற யாருக்கும் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும்.

மற்றபடி விதிகள் எளிது. ராஜா, ராணி, ஜாக்கி எல்லாம் 10. ஏஸ் 1 அல்லது 11, நமக்கு எது வசதியோ அது. டீலரின் இரண்டு சீட்டில் ஒன்று திறந்திருக்கும். அவர் 16 வரை சீட்டு எடுத்தே ஆக வேண்டும், 17 வந்தால் நின்றே ஆக வேண்டும் (ஒரு சின்ன விதிவிலக்கு உண்டு, பின்னால் சொல்கிறேன்). அவருக்கு யோசிக்கும் உரிமை கிடையாது. எதிராளி என்ன செய்வார் என்பது முன்கூட்டியே தெரிந்துவிட்டதால்தான் எந்தக் கையை, அதாவது நமக்கு விழுந்த சீட்டுகளை, எப்படி ஆட வேண்டும் என்று கணக்குப் போட்டு ஒரு அட்டவணையே எழுதிவைக்க முடிந்திருக்கிறது. அதைத்தான் அடிப்படை உத்தி என்கிறார்கள்.

மார்ச் 5

"டீலர் மாதிரியே நானும் 17 வரை எடுத்துட்டு நின்னா சமமாத்தானே இருக்கும்?" இது மச்சானின் இன்றைய கேள்வி. நல்ல கேள்வி. விடை தெரிந்தால் கேசினோ எப்படிச் சம்பாதிக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

டீலர் சராசரியாக 100 கைகளில் 28-இல் 21-ஐத் தாண்டிவிடுகிறார். அவரைப் போலவே ஆடினால் நாமும் அதே அளவுக்குத் தாண்டுவோம். ஆனால் நாம் முதலில் ஆடுகிறோம், நாம் தாண்டிய உடனே பந்தயப் பணம் போய்விடுகிறது, அதற்குப் பிறகு டீலரும் தாண்டினாலும் அது திரும்பி வராது. இரண்டு பேரும் தாண்டுவது 28 சதவீதத்தில் 28 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட 8 சதவீதம். நமக்கு பிளாக்ஜாக் (முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் ஒரு 10-ம்) விழும்போது ஒன்றரை மடங்கு தருகிறார்களே, அதில் 2 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே திரும்பக் கிடைக்கிறது. மிச்சம் ஐந்தரை சதவீதம் அவர்களுக்கு.

அடிப்படை உத்தியை அப்படியே பின்பற்றினால் அந்த ஐந்தரை சுமார் அரை சதவீதத்துக்கு இறங்கிவிடும். பூஜ்யத்துக்குக் கீழே போகாது. இதை அவனிடம் அழுத்திச் சொன்னேன்: இது சம்பாதிக்கிற வழி இல்லை, குறைவாக இழக்கிற வழி.

மார்ச் 9

அட்டவணையின் கதையைப் படித்துக்கொண்டிருக்கிறேன், அவ்வளவு பிடித்திருக்கிறது. 1950-களில் மேரிலாந்து மாநிலத்து அபர்டீன் ராணுவத் தளத்தில் இருந்த நான்கு பேர், ரோஜர் பால்ட்வின், வில்பர்ட் கேன்ட்டி, ஹெர்பர்ட் மெய்ஸல், ஜேம்ஸ் மெக்டெர்மாட், மேசைக் கணக்கு இயந்திரங்களைத் தட்டித்தட்டியே இந்த ஆட்டம் முழுவதையும் கணக்கிட்டிருக்கிறார்கள். 1956-இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் ஆய்விதழில் கட்டுரையாக வந்தது. பிறகு எட்வர்ட் தோர்ப் என்ற கணிதவியலாளர் எம்.ஐ.டி. என்ற அமெரிக்கத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் ஐ.பி.எம். 704 கணினியை வைத்து அதை இன்னும் நுணுக்கமாக்கினார், சீட்டு எண்ணும் முறை (எந்தச் சீட்டுகள் போய்விட்டன என்று கணக்கு வைத்துப் பந்தயம் கட்டுவது) அங்கிருந்துதான் கிளைத்தது. ஆனால் கணினி இல்லாமல் அந்த நால்வரும் கண்டுபிடித்த விடைகள் இன்றைய அட்டவணைக்கு மிக நெருக்கமாக இருக்கின்றன என்பதை நினைத்தால் எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போகிறது.

மார்ச் 13

இன்று முழுக்க கூட்டுத்தொகை 12 முதல் 16 வரை வருகிற கைகள். தோல்வி பெரும்பாலும் இந்தக் கைகளில்தான் நடக்கிறது, அட்டவணை அதிகம் உதவுவதும் இங்கேதான்.

டீலரிடம் 2 முதல் 6 வரை ஏதாவது திறந்திருந்தால் அவர் நிலைமை மோசம். 6 இருந்தால் தாண்டுவதற்கு 42 சதவீதம் போல வாய்ப்பு. அப்போது 13-லேயே நின்றுவிடலாம், தாண்டுகிற வேலையை அவர் செய்யட்டும். 7 அல்லது அதற்கு மேல் திறந்திருந்தால் நாம் 17 வரும்வரை எடுக்க வேண்டும். 12 மட்டும் கொஞ்சம் தனி: டீலரிடம் 4, 5, 6 இருந்தால்தான் நிற்பது, 2-க்கும் 3-க்கும் எதிரே ஒன்று எடுத்துவிட வேண்டும். 12-ஐத் தாண்ட வைப்பது 10 மதிப்புள்ள சீட்டு மட்டும்தான், 13 வகையில் 4 வகை, அதனால் பயம் தோன்றுகிற அளவுக்கு ஆபத்து இல்லை.

அப்புறம் 16-க்கு எதிரே 10, அதாவது நம்மிடம் 16, டீலரிடம் திறந்திருப்பது 10. "எடுத்தா போயிடுமே அத்தான்" என்றான் மச்சான். போகத்தான் செய்யும், 13-இல் 8 வகைச் சீட்டுகள் நம்மைத் தாண்ட வைத்துவிடும். ஆனால் நின்றால் என்ன ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை. டீலரிடம் பிளாக்ஜாக் இல்லை என்று தெரிந்த பிறகும் 10-ஐ வைத்திருப்பவர் தாண்டுவது 23 சதவீதம் வாக்கில்தான். மற்ற 77-இலும் அவர் 17 அல்லது அதற்கு மேல் போய் நம்மை ஜெயித்துவிடுகிறார். ஆக 100 டாலர் பந்தயத்துக்கு நின்றால் சராசரி இழப்பு 54 டாலர். எடுத்தாலும் ஏறக்குறைய 54 தான், வித்தியாசம் வெறும் சில்லறை, அந்தச் சில்லறை எடுப்பதன் பக்கம் இருக்கிறது. சில மேசைகளில் சரண்டர் உண்டு, பாதிப் பணத்தை விட்டுக்கொடுத்து விலகலாம். அங்கே இழப்பு 50 டாலர். 54-ஐ விட 50 குறைவு, அதனால் சரண்டர் இருந்தால் அதுதான் சரி.

நம் மனதுக்கு இது ஒப்பவே ஒப்பாது. சீட்டைக் கேட்டு வாங்கித் தோற்றால் நம் தப்பு போலவும், நின்று தோற்றால் விதி போலவும் தோன்றுகிறது. கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான்.

மார்ச் 17

ஜோடிகளும் டபுளும் இன்று சீக்கிரம் முடிந்தன. ஒரே மதிப்புள்ள இரண்டு சீட்டு வந்தால் பிரித்து இரண்டு கைகளாக ஆடலாம்; டபுள் என்றால் பந்தயத்தை இரட்டிப்பாக்கி ஒரே ஒரு சீட்டு மட்டும் எடுப்பது. ஏஸ் ஜோடியையும் 8 ஜோடியையும் எப்போதும் பிரி, 10 ஜோடியையும் 5 ஜோடியையும் ஒருபோதும் பிரிக்காதே. 11 வந்தால் டீலரிடம் 10 வரை எது இருந்தாலும் டபுள், 10 வந்தால் 9 வரை, 9 வந்தால் 3 முதல் 6 வரை.

கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது ஏஸும் 7-ம். இதை 18 என்று நினைத்து எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். ஏஸ் 1-ஆக மாறிக்கொள்ளும் என்பதால் ஒரு சீட்டு எடுத்தால் தாண்டவே முடியாது. டீலரிடம் 9, 10, ஏஸ் இருந்தால் எடு. 3 முதல் 6 வரை இருந்தால் டபுள். 2, 7, 8 இருந்தால் மட்டும் நில். 18 நல்ல கை என்ற எண்ணமே இங்கே எதிரி.

மார்ச் 22

சீட்டைத் தொடுவதற்கு முன்பே எடுக்க வேண்டிய முடிவு ஒன்று இருக்கிறது, எது முக்கியம் என்று என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன். மேசைத் துணியில் பிளாக்ஜாக்குக்கு எவ்வளவு தருவார்கள் என்று அச்சடித்திருக்கும். 2-க்கு 3 என்றால் 10 டாலருக்கு 15. 5-க்கு 6 என்றால் 12 மட்டும்தான்.

3 டாலர்தானே என்று விடக்கூடாது. பிளாக்ஜாக் சுமார் 21 கைகளுக்கு ஒரு தடவை விழும். மணிக்கு 60 கை ஆடினால் மூன்று தடவை போல வரும். நல்ல மேசையில் உத்தியோடு 10 டாலர் வைத்து ஆடுபவருக்கு ஒரு மணி நேரச் சராசரி இழப்பு 3 டாலர், 5-க்கு 6 மேசையில் அதே ஆட்டத்துக்கு 11 டாலர் வாக்கில் போகும். அட்டவணையை மனப்பாடம் செய்து மிச்சம் பிடித்ததில் ஒரு பெரிய பங்கை இந்த ஒரு வரி தின்றுவிடுகிறது. ஸ்ட்ரிப் என்கிற வேகாஸின் பெரிய கேசினோ வீதியில் பந்தயம் குறைவான மேசைகள் பலவும் இப்போது இப்படித்தான். கூட்டம் அங்கேதான் போகிறது, புதியவர்கள்தான் அதிகம், எனக்கு இது உண்மையிலேயே கோபத்தை வரவைக்கிறது.

முன்பு சொன்ன விதிவிலக்கு இதுதான்: ஏஸை 11-ஆக எண்ணி வந்த 17 என்றால் டீலர் நிற்பாரா எடுப்பாரா என்பது அதே துணியில் இருக்கும். நிற்கும் மேசை நமக்கு நல்லது.

மார்ச் 30, லாஸ் வேகாஸ்

மச்சானும் நானும் ஃப்ரீமான்ட் தெருவில் 15 டாலர் மேசை ஒன்றில் உட்கார்ந்தோம், 2-க்கு 3 தருகிற மேசை. எவ்வளவு போனால் எழுந்துவிடுவது என்று அறையிலேயே பேசி வைத்துக்கொண்டோம். பணத்தை டீலர் கையில் கொடுக்காமல் துணி மேல் வைக்க வேண்டும், ஷூ என்கிற சீட்டுப் பெட்டியிலிருந்து திறந்து போடும் சீட்டுகளை நாம் தொடக்கூடாது. வேண்டும் என்றால் மேசையைத் தட்டு, வேண்டாம் என்றால் கையைக் குறுக்கே ஆட்டு. மேலே இருக்கிற கேமராவுக்குத் தெரிய வேண்டும் என்பதால் வாயால் சொன்னால் போதாது. அட்டவணை அச்சடித்த சின்ன அட்டையைப் பார்த்துக்கொண்டே ஆடினான், டீலரம்மா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நடுவில் அவனுக்கு ஏஸும் ராணியும் விழுந்தன, டீலரிடம் ஏஸ். இன்சூரன்ஸ் வேண்டுமா, இல்லை இப்போதே சமப் பணம் வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டார் டீலரம்மா. இன்சூரன்ஸ் என்பது டீலரின் மூடிய சீட்டு 10 என்று தனியாக வைக்கிற பந்தயம், மூன்றில் ஒரு தடவையாவது 10 வந்தால்தான் அது கட்டுப்படியாகும், ஆறு கட்டு ஆட்டத்தில் வருவது 31 சதவீதத்துக்கும் கீழே. சமப் பணமும் அதே பந்தயம்தான், பெயர் மட்டும் வேறு: 10 டாலருக்கு உறுதியாக 10 டாலர் தருகிறார்கள், மறுத்தால் சராசரி 10 டாலர் 39 சென்ட். பக்கத்தில் இருந்த பெரியவர் "எடுத்துக்கொள்ளுங்கள், உறுதியான பணம்" என்று அன்பாகச் சொன்னார். மச்சான் என்னைப் பார்க்கவில்லை, அட்டையையும் பார்க்கவில்லை, கையைக் குறுக்கே ஆட்டினான்.