இரைச்சல் ஏறிவரும் வழி

சரக்குக் கப்பலின் என்ஜின் அறையில் 110 டெசிபல் வரை இரைச்சல் இருக்கலாம் என்று பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் விதிகளே அனுமதிக்கின்றன. 2012இல் ஏற்கப்பட்டு 2014 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்த விதிகள், 1,600 கிராஸ் டன்னுக்குக் குறையாத புதிய கப்பல்களுக்குக் கட்டாயமானவை. என்ஜின் கன்ட்ரோல் ரூமுக்கு 75, கப்பலைச் செலுத்தும் மேல்தள அறையான பிரிட்ஜுக்கு 65, பத்தாயிரம் டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பலின் கேபின்களுக்கு 55 என்று இடத்துக்கு இடம் உச்சவரம்பு மாறும். 110க்கும் 55க்கும் நடுவில் இருப்பவை நான்கைந்து தளங்கள் மட்டுமே. அவையும் எஃகால் ஆனவை. எஃகு, ஒலியைத் தடுப்பதைவிடக் கடத்துவதில்தான் தேர்ந்தது.

தானியம், நிலக்கரி போன்றவற்றை மொத்தமாக ஏற்றும் பல்க் கேரியர் கப்பல்களில் இன்ஜினியராகப் பணியாற்றியதில் நான் கண்டது, இரைச்சலைக் கட்டுப்படுத்துவது என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது காதுக் கவசம்தான். அது தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் நின்றால் காதுக்குச் சேரும் சுமை, மூன்று டெசிபல் கூடும் ஒவ்வொரு முறையும் பாதி நேரத்திலேயே சேர்ந்துவிடும். அந்தக் கணக்கில் 100 டெசிபலில் வெறுங்காதோடு நிற்கக்கூடியது பதினைந்து நிமிடங்கள்தான். கேட்கும் திறன் முதலில் குறைவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் என்பதால், பேச்சு ஓரளவு கேட்டுக்கொண்டே இருக்க, இழப்பு தொடங்கியிருப்பது ஆடியோமெட்ரி சோதனை செய்யும்வரை தெரியாமலே போகும். ஆனால் மூக்குக் கண்ணாடியின் காம்பு கவசத்தின் மெத்தையைத் தூக்கிவிடுகிறது. 45 டிகிரி வெப்பத்தில் வியர்வை வழிகிறது. பேச வேண்டிய ஒவ்வொரு முறையும் ஒரு பக்கம் கழற்றப்படுகிறது. கையால் காட்டுவதும் டார்ச் அடித்துக் கூப்பிடுவதுமாக ஒரு தனிப் பாஷையே கீழே புழங்குகிறது. அலாரம் காதில் விழாது என்பதால்தான் சுழல் விளக்குகள் வைத்திருக்கிறார்கள். எல்லாம் செய்த பிறகு எஞ்சுவதைச் சமாளிக்கும் கடைசிக் காப்புதான் காதுக் கவசம். அதையே முதல் வேலையாக எடுத்துக்கொண்டால், இரைச்சல் பிறக்கும் இடத்தையும் அது ஏறிவரும் வழியையும் யாரும் தேடமாட்டார்கள்.

தேடுவதற்கு எளிய பெருக்கல் போதும். எங்கள் கப்பலின் ஆறு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் மெயின் என்ஜின் நிமிடத்துக்கு 90 சுற்று ஓடும்போது, ஒவ்வொரு சிலிண்டரும் சுற்றுக்கு ஒரு முறை எரிபொருளை எரிப்பதால், அந்த வீதம் விநாடிக்கு ஒன்பது. நான்கு இதழ் ப்ரொப்பல்லர் அதே வேகத்தில் விநாடிக்கு ஆறு முறை கப்பலின் பின்புறத்தைத் தட்டும். 720 சுற்றில் ஓடும் ஆறு சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் ஜெனரேட்டரில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் ஒரு சிலிண்டர் எரிக்கும் என்பதால், எரியும் வீதம் 36. ஆகவே ஒரு கேபின் அதிர்கிறது என்றால் அது எத்தனை ஹெர்ட்ஸில் அதிர்கிறது என்பதே முதல் கேள்வி. கைபேசியிலுள்ள அதிர்வு காட்டும் செயலி, அளவைச் சரியாகச் சொல்லாவிட்டாலும் ஹெர்ட்ஸைச் சொல்லிவிடும்.

ஒரு கப்பலில் மூன்றாவது தளத்துக் கேபின்களில் ஓயாத ஒரு முனகல் இருந்தது. படுக்கையில் தலை வைத்தால் தலையணை வழியாகவே ஏறும். சுவர்ப் பலகையை உள்ளங்கையால் அழுத்தினால் நிற்கும், கையை எடுத்தால் தொடரும். முன்பிருந்தவர்கள் பலகை இடுக்குகளில் அட்டையை மடித்துச் செருகி வைத்திருந்தார்கள். அளந்ததில் 36 ஹெர்ட்ஸ் வந்தது. இரண்டாம் ஜெனரேட்டரை நிறுத்தி மூன்றாவதை ஓட்டியதும் முனகல் அடங்கியது. இரண்டு இயந்திரங்களும் ஒரே தயாரிப்பு. இரண்டுமே அதிர்வைத் தடுக்கும் ரப்பர் மவுன்ட்களின் மேல் உட்கார்ந்திருப்பவை. எண்ணெய் பட்டு ரப்பர் ஊறிப்போயிருக்குமோ, இயந்திரம் தாழ்ந்து ஸ்டாப்பரில் இடிக்கிறதோ என்று மவுன்ட்களின் உயரத்தை ஒவ்வொன்றாக அளந்து பார்த்தோம், குறை தெரியவில்லை. கடைசியில் ஃபிட்டர்தான் கண்டுபிடித்தார். குளிர்நீர்க் குழாயில் இருக்க வேண்டிய, வளைந்து கொடுக்கும் இணைப்பான ரப்பர் பெல்லோஸ் கிழிந்தபோது மாற்று கையில் இல்லாமல், யாரோ இருபக்கமும் போல்ட் போடும் விளிம்பான ஃபிளாஞ்ச் வைத்த இரும்புக் குழாய்த் துண்டைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நீர் ஒழுகவில்லை, இயந்திரம் சூடாகவில்லை, ஆகவே யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. எட்டு மவுன்ட்கள் சேர்ந்து தடுத்ததை அந்த ஒரு சாண் இரும்பு மொத்தமாக மேலே அனுப்பிக்கொண்டிருந்தது. புதிய பெல்லோஸ் அடுத்த துறைமுகத்தில் வந்தது. அட்டைகளைப் பிடுங்கி எறிந்தோம்.

ப்ரொப்பல்லரின் அதிர்வுக்கு இப்படிச் சுலபமான கைவைத்தியம் கிடையாது. சரக்கு இறக்கிய பிறகு கப்பலை நிலைநிறுத்தத் தொட்டிகளில் ஏற்றும் பாலஸ்ட் நீரோடு திரும்பும் பயணத்தில் கப்பலின் பின்பகுதி போதுமான ஆழத்தில் இல்லையென்றால், இதழின் நுனி நீர்மட்டத்துக்கு அருகில் சுழன்று, காற்றை இழுத்து, சுக்கானைத் திருப்பும் ஸ்டியரிங் கியர் அறையைக் குலுக்கி எடுக்கும். பின்பக்கத் தொட்டியில் இன்னும் கொஞ்சம் நீரேற்றச் சொல்லிச் சீஃப் ஆபீசரிடம் கேட்பதும், மோசமான கடலில் சுற்றைக் குறைப்பதும்தான் நம்மால் ஆகக்கூடியவை. மற்றவை கப்பலை வரைந்த மேசையிலேயே முடிவாகிவிட்ட காரியங்கள். மெயின் என்ஜினின் தலை பக்கவாட்டில் ஆடாமல் கப்பலின் உடலோடு பிடித்து நிறுத்தும் டாப் பிரேசிங்கின் போல்ட்களை மட்டும் காலம் தவறாமல் பார்க்க வேண்டும். அவை தளர்ந்தால் முதலில் தெரிவது பிரிட்ஜில்தான்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு அச்சம் தருவது, உடலுக்கு அநேகமாகத் தெரியவே தெரியாத முறுக்கதிர்வு. ஒரு குறிப்பிட்ட சுற்றில் சிலிண்டர்களின் உந்துதலும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் இயல்பான அலைவும் ஒத்துப்போகும்போது, ஷாஃப்ட் தன்னைத்தானே முறுக்கி முறுக்கி விடுவித்துக்கொள்ளும். அங்கேயே ஓட்டிக்கொண்டிருந்தால் விரிசல் விழும். அதனால் அந்தச் சுற்றை ஒட்டிய இடைவெளியைச் சுற்றுமானியில் சிவப்பு வண்ணத்தால் குறித்து, அதை விரைந்து தாண்டிவிட வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். எங்கள் என்ஜினில் அது ஐம்பதுகளில் இருந்தது. முழு வேகத்தில் ஓடிய காலத்தில் அது துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்போது கடந்து போகும் ஓர் இடம் மட்டுமே. 2008க்குப் பிறகு எரிபொருளை மிச்சப்படுத்த மெதுவாக ஓட்டும் வழக்கம் பரவியதும், கேட்கப்படும் வேகம் பல நேரம் அந்தச் சிவப்புப் பட்டையின் விளிம்பிலேயே வந்து நின்றது. போதாக்குறைக்கு, குறைந்த சுமையில் என்ஜினுக்குக் காற்றுச் செலுத்தும் துணை ஊதிகள் தாமாகவே ஓடத் தொடங்கி, என்ஜின் அறையின் இரைச்சலைக் கூட்டின. கப்பலை வாடகைக்கு எடுத்தவர்களிடமிருந்து மின்னஞ்சலில் ஒரு வேகம் வரும்; அதற்கான சுற்று தடைசெய்யப்பட்ட இடைவெளிக்குள் விழும்; பிரிட்ஜிலிருந்து கேப்டன் போன் செய்வார். பட்டைக்கு மேலே ஓட்டி ஒரு நாள் முன்னதாகப் போய் நங்கூரத்தில் கிடப்பதா, கீழே ஓட்டி ஒரு நாள் தாமதமாகப் போவதா என்பதை அவர்களே எழுத்தில் சொல்லட்டும் என்று எங்கள் சீஃப் இன்ஜினியர் ஒவ்வொரு முறையும் பதில் அனுப்பச் சொல்வார்.