200 அடி உயரத்தில் நான்கு விநாடி

2023 ஜூலை 28 இரவு, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கரையை ஒட்டிய லிண்டெமன் தீவருகே எம்ஆர்எச்-90 டைபான் ரக ராணுவ ஹெலிகாப்டர் ஒன்று கடலில் விழுந்தது. உள்ளே இருந்த நால்வரும் இறந்துபோனார்கள். டாலிஸ்மன் சேபர் கூட்டுப் பயிற்சிக்காக நான்கு ஹெலிகாப்டர்கள் சுமார் 200 அடி உயரத்தில் அணியாகப் பறந்துகொண்டிருந்தன. விழுந்தது மூன்றாவது. உரிய நேரம் வரும்வரை ஒரே பகுதியில் வட்டமிடும் காத்திருப்புச் சுற்றில் இடப்பக்கம் திரும்பும் கட்டம் அது. சாகசம் எதுவும் இல்லை, வழக்கமான திருப்பம்தான். என்னை உறுத்துவதும் அதுதான்.

விமானிகளுக்கு ஏற்பட்ட திசைமயக்கத்தையே பாதுகாப்புத் துறை விசாரணை காரணமாகச் சுட்டியது. ஹெலிகாப்டர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, மூக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதை உடல் தப்பாக உணர்வதுதான் திசைமயக்கம். அனுபவசாலிக்கும் வரும். உட்செவியின் அரைவட்டக் குழாய்களில் உள்ள திரவம், திருப்பம் தொடங்கும்போது மட்டுமே சரியாகச் சேதி சொல்லும். ஒரே சீராக 10, 20 விநாடி திரும்பிக்கொண்டிருந்தால் திரவமும் சேர்ந்தே சுழலத் தொடங்கிவிடும். நேராகப் பறப்பதாகத் தோன்றும். மிக மெதுவாகச் சாய்ந்தாலோ, சாய்வதே தெரியாது.

பகலில் இந்தப் பொய்யைத் தொடுவானம் அம்பலப்படுத்திவிடும். நிலா வெளிச்சம் குறைந்து மழையும் தூறும் கடலில் தொடுவானமே கிடையாது. அணியில் பறப்பவருக்கு இன்னொரு கஷ்டம்: அவர் கண் முன்னே போகும் ஹெலிகாப்டர் மீதே இருக்கும். தூரமும் கோணமும் மாறாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. அந்த ஹெலிகாப்டர் மழைத்திரைக்குப் பின்னால் ஒரு கணம் மங்கினாலும், பிடிமானமாக இருந்த ஒரே புள்ளியும் போய்விடும்.

டைபான் விமானிகள் அணிந்த டாப்அவுல் தலைக்கவசத்தில் இரவுப்பார்வைக் கருவிகள் கவசத்தின் இரு பக்கங்களிலும் இருக்கும். அவற்றின் இடைவெளி கண்களின் இடைவெளியைவிட அதிகம். அதனால் ஆழமும் தூரமும் மிகைப்பட்டுத் தெரியும், பழக நாளாகும். பறக்கும் நிலையைக் காட்டும் குறியீடுகள் கண் முன்னாலேயே விழும். தலையைப் பக்கவாட்டில் திருப்பும்போது, மேம்படுத்தப்பட்ட மென்பொருளில் அக்குறியீடுகள் குழப்பம் தருகின்றன என்றும் அது ஏற்கத்தக்கதல்ல என்றும் ராணுவத்தின் சோதனைப் பிரிவே முன்பு எச்சரித்திருந்தது. அணியில் பறப்பவர் தலையைத் திருப்பாமல் பக்கத்து ஹெலிகாப்டரைப் பார்க்க முடியாது. பிறகு வேறொரு மதிப்பீட்டின் பேரில் அந்த மென்பொருள் பயன்பாட்டுக்கு வந்தது. அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி கணக்குப் பார்க்கலாம். ஓர் உதாரணத்துக்கு 80 நாட், அதாவது மணிக்குச் சுமார் 148 கிலோமீட்டர் வேகம் என்று வையுங்கள். விநாடிக்கு 135 அடி. பறக்கும் பாதை 20 டிகிரி கீழே சாய்ந்தால் விநாடிக்கு 46 அடி உயரம் குறையும். 200 அடி தீர நான்கு விநாடிக்குச் சற்று அதிகம். கீழே உள்ள பரப்பிலிருந்து உயரத்தை அளக்கும் ரேடார் அல்டிமீட்டரின் எச்சரிக்கையை 150 அடியில் வைத்திருந்தால், அது ஒலிக்கும்போதே ஒரு விநாடி போயிருக்கும். மீதி மூன்றில் புரிந்துகொள்ளவும், முடிவெடுக்கவும், கை அசையவும், கனமான இயந்திரம் கீழிறங்குவதை நிறுத்தவும் வேண்டும். பக்கவாட்டில் 30 டிகிரி சாய்ந்திருந்தால், உயரத்தைத் தாங்கவே 15 சதவீதம் கூடுதல் தூக்குவிசை தேவை. அந்த நிலையில், ஹெலிகாப்டரைச் சாய்க்கும் பிடியான சைக்ளிக்கை மட்டும் பின்னால் இழுத்தால் திருப்பம்தான் இறுகும்.

ஆகவே மீட்கும்போது வரிசை முக்கியம். முதலில் கண்ணை வெளியிலிருந்து எடுத்துக் கருவிப்பலகைக்குக் கொண்டுவர வேண்டும். சாய்வை நேராக்கி, மூக்கைக் கருவி காட்டும் தொடுவானக் கோட்டுக்குக் கொண்டுவந்து, தூக்குவிசையைக் கூட்டும் நெம்புகோலான கலெக்டிவை உயர்த்தி ஏற வேண்டும். அணியை விட்டு விலகுவதாக ரேடியோவில் சொல்வது அதற்குப் பிறகு. இத்தனையும் ஓட்டுபவர் தலையில் மட்டும் விழக்கூடாது. அவர் வெளியே பார்க்கும்போது மற்ற விமானி கருவிகளிலேயே கண் வைத்து உயரத்தையும் சாய்வையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் கட்டுப்பாட்டை வாங்கிக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு என்பதைக் கிளம்பும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

அந்த விபத்துக்குப் பின் ஆஸ்திரேலியாவின் டைபான்கள் பறக்கவில்லை. 2023 செப்டம்பரில் ஆஸ்திரேலியா அவற்றைச் சேவையிலிருந்தே விலக்கியது. அவற்றின் இடத்துக்கு பிளாக் ஹாக்குகள் வந்தன. அவையும் இரவில், தாழ்வாக, கடலுக்கு மேல்தான் பறக்கின்றன.