கல்லூரி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை

நியூ ஜெர்சியில், வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களில் நம்மவர்கள் அதிகம். பிள்ளை பிறந்த கையோடு படிப்புக்கென்று கணக்கு திறந்துவிடுவார்கள். ஆனால் அதில் போட்ட பணத்தைக் கல்லூரிச் சேர்க்கைக் கடிதம் வரும்வரை தொடக்கூடாது என்று ஒரு வைராக்கியம். கவர்டெல் கணக்கு, அதாவது பிள்ளையின் படிப்புச் செலவுக்கு எடுத்தால் லாபத்துக்கு வரி இல்லாத சேமிப்புக் கணக்கு, வைத்திருப்பவர்களும் அப்படித்தான்.

1997-ம் ஆண்டுச் சட்டத்தால் வந்த கணக்கு இது. அப்போது ஒரு பிள்ளைக்கு வருடம் 500 டாலர்தான் போட முடியும், அதுவும் கல்லூரிக்கு மட்டும். 2002-லிருந்து வரம்பு 2,000 டாலர் ஆனது. பள்ளிச் செலவுக்கும் எடுக்கலாம் என்றார்கள். அரசுப் பள்ளியோ தனியார் பள்ளியோ, இரண்டுக்கும் பொருந்தும். கட்டணம், புத்தகம், டியூஷன், பள்ளி கட்டாயமாக்கிய சீருடை, பிள்ளை பயன்படுத்தும் லேப்டாப், வீட்டு இணையக் கட்டணம் எல்லாம் இதில் அடங்கும். சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் குழந்தைகளுக்கான சேவைகளும் உண்டு. என்னைக் கேட்டால், இந்தக் கணக்கால் அதிகம் பயன் பெறக்கூடியவர்கள் அந்தக் குடும்பங்கள்தான். மற்றவர்கள் முப்பது வயதுக்குள் கணக்கைக் காலி செய்ய வேண்டும்; இந்தப் பிள்ளைகளுக்கு அந்த விதியும் கிடையாது.

"சார், இப்பவே எடுத்தா அபராதம் போட்டுடுவாங்களே?" வரி சீசனில் தவறாமல் வரும் கேள்வி. பதிலுக்கு ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டுவேன். நீங்கள் போட்டது 6,000, கணக்கில் இருந்தது 9,000, எடுத்தது 1,500 என்று வையுங்கள். எடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 500 டாலர்தான் லாபம். செலவுக்கு ரசீது 1,200-க்குத்தான் இருக்கிறதா? சரி, மீதி 300 டாலர் எடுத்ததில் ஐந்தில் ஒரு பங்கு. அப்படியானால் லாபத்திலும் ஐந்தில் ஒரு பங்கு, 100 டாலர், வருமானத்தில் சேரும். கூடுதல் வரி அதில் பத்து சதவீதம், பத்து டாலர். இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்று சிரிப்பார்கள்.

உண்மையான தலைவலி வேறு. பணம் எடுத்த மறு வருடம் 1099-க்யூ என்றொரு படிவம் வரும். கவர்டெல் கணக்கென்றால் அதில் எடுத்த தொகை இருக்கும். லாபம் எவ்வளவு, போட்ட முதல் எவ்வளவு என்ற கட்டங்கள் பெரும்பாலும் காலியாகவே வரும். அதை நிரப்ப வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. பத்து வருடமாக எவ்வளவு போட்டோம் என்பதை நாமே எழுதி வைத்திருக்க வேண்டும். தாத்தா ஒரு கணக்கு, அப்பா ஒரு கணக்கு என்று தனித்தனியாகத் திறந்திருந்தால் இன்னும் சிக்கல். 2,000 என்பது பிள்ளைக்கு மொத்தமாக. கூடுதலாகப் போட்டதை உரிய நேரத்தில் எடுக்காவிட்டால் வருடாவருடம் ஆறு சதவீதம் தண்டம்.

இன்னொன்று, பள்ளி ஆண்டு வேறு, வரி ஆண்டு வேறு. டிசம்பரில் கட்டிய டியூஷன் கட்டணத்துக்கு ஜனவரியில் பணம் எடுத்துவிட்டு வந்து நிற்பார்கள். இரண்டும் ஒரே காலண்டர் வருடத்தில் இருக்க வேண்டும்.

பரதநாட்டிய வகுப்பையும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பையும் "இதுவும் படிப்புதானே" என்று நீட்டுவார்கள். படிப்புதான், மறுக்கவில்லை. ஆனால் பள்ளிப் படிப்போடு சேர்ந்த செலவாக அதைக் காட்ட நான் ஒப்புக்கொள்வதில்லை.

2025 ஜூலையில் வந்த சட்டத்துக்குப் பிறகு, 529 கணக்கிலிருந்தும் (இது மாநிலங்கள் நடத்தும் படிப்புச் சேமிப்புக் கணக்கு) பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல செலவுகளுக்கு எடுக்கலாம். முன்பு கட்டணத்துக்கு மட்டும் இருந்த சலுகையில் இப்போது புத்தகம், தகுதியுள்ள ஆசிரியரின் டியூஷன், கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி போன்ற தேர்வுக் கட்டணமும் சேர்ந்துவிட்டன. வருட வரம்பும் 2026 முதல் 10,000 டாலரிலிருந்து 20,000 ஆகிறது. கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் பள்ளிச் செலவுக்கு எடுப்பதை மாநில வரியில் ஏற்பதில்லை என்பதால், அங்கே இருக்கும் உறவினர் சொன்னதை இங்கே அப்படியே பின்பற்ற முடியாது. அப்புறம், 529-க்கான பள்ளிச் செலவுப் பட்டியலில் லேப்டாப்பும் சீருடையும் இல்லை. கவர்டெல்லை மூடி 529-க்கு மாற்றிவிடலாமா என்று கேட்பவர்களிடம், லேப்டாப் வாங்க வேண்டியிருந்தால் முதலில் கவர்டெல் பணத்தில் அதை வாங்கிவிட்டு வாருங்கள் என்கிறேன்.